ஐந்து மேசை, ஒரே கோப்பு

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் சங்கம், ரியூசன், மருந்துக்கடை என்று எத்தனையோ இடங்களில், பெயர்களையும் கணக்குகளையும் பதிந்து வைக்கும் ஒரு மைக்ரோசொஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும். 1992இல் வந்த மென்பொருள், இன்னும் நன்றாகத்தான் உழைக்கிறது. செய்து கொடுத்த தம்பி இப்போது கனடாவில் இருப்பார். பழுதானால் எங்களைக் கூப்பிடுவார்கள். "வைரஸ் போல கிடக்கு ஐயா" என்பார்கள். அநேகமாக வைரஸாக இருக்காது.

விடயம் இதுதான். டேட்டாபேஸ் கோப்பு ஒரு கணினியில் இருக்கிறதே தவிர, அதில் எழுதுவது அந்தக் கணினி அல்ல. ஐந்து மேசைக் கணினிகளும் நெட்வொர்க் வழியே நேரே போய் அதில் எழுதுகின்றன. கணக்கப்பிள்ளை இல்லாமல் ஒரே கொப்பியில் ஐந்து பேர் எழுதுவது மாதிரி. இடையில் ஒருவரின் தொடர்பு அறுந்தால் எழுதியது பாதியில் நிற்கும். கெடுவதோ எல்லோருக்கும் பொதுவான கோப்பு.

ஒரு கந்தோரில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழுதாகிக்கொண்டிருந்தது. பின்னேரம் வரை அங்கேயே இருந்து பார்த்தேன். மூத்த லிகிதர் ஒருவர் லைற், ஃபான் எல்லாவற்றையும் நிற்பாட்டிக்கொண்டு வந்தார். மாரி காலம், சனி ஞாயிறு ஆளில்லாத நேரம் இடி விழுந்தால் என்ற பயம், நியாயமான பயம். "ஐயா, அஞ்சு நிமிசம்" என்று ஒரு தங்கச்சி சொல்லி வாய் மூடவில்லை, மெயின் சுவிட்ச் கீழே போய்விட்டது. அந்தத் தங்கச்சியின் லப்ரொப் பற்றரியில் அணையாமல் நிற்கிறது. கோப்பு இருந்த கணினியும் நெட்வொர்க் பெட்டியும் அணைந்துவிட்டன. கிழமைக் கடைசி ரசீதுகள் அந்த நேரத்தில்தான் பதியப்படும். அதுதான் வெள்ளிக்கிழமை.

டேட்டாபேஸைத் திறந்தவுடன் பக்கத்திலேயே, பூட்டுப் படத்தோடு, அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பு வரும். கடைசி ஆள் மூடியதும் தானாகப் போய்விடும். போகவில்லையென்றால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார், அல்லது ஒழுங்காக மூடாமல் போய்விட்டார். இப்போது அந்த லிகிதர் அதைப் பார்த்த பிறகுதான் மெயினில் கை வைக்கிறார். யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி, வாங்கினால் நெட்வொர்க் பெட்டியையும் அதில் செருகுங்கள். அந்தப் பெட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் வைஃபை. அக்சஸுக்கு வைஃபை வேண்டாம். தொலைபேசியில் படம் ஒரு கணம் நின்று ஓடினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, அக்சஸுக்கு அந்த ஒரு கணமே போதும். வயர் இழுக்கச் செலவாகும், சுவரில் ஓட்டை போட வேண்டும், சரி. இழுங்கள். திரும்பவும் சொல்கிறேன், வைஃபை வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள், மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். டேட்டாபேஸை இரண்டாகப் பிரியுங்கள்: பதிந்த விபரங்கள் இருக்கும் அட்டவணைகள் பொதுக் கோப்பில், பதிகிற திரைகளான படிவங்கள் அவரவர் கணினியில் தனித்தனிப் பிரதியாக. பிரித்துத் தரும் வசதி அக்சஸுக்குள்ளேயே இருக்கிறது. வன்டிரைவ் போன்ற இணையக் கோப்புறையில் வைத்துப் பலர் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். கோப்பைச் சுருக்கிப் பழுது பார்க்கும் கொம்பக்ற் அன்ட் ரிப்பேர் செய்ய முதல் ஒரு பிரதி எடுங்கள், எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள். கோப்பு 2 ஜிபியை நெருங்கினால் மைக்ரோசொஃப்டின் பெரிய டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சேவருக்கு மாறுங்கள், அதன் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். வணக்கம்.