எடுக்கப்படும் என்றால், எடுப்பது யார்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். துறைத் தலைவர்கள், பதிவாளர் அலுவலகத்தினர், மாணவர் பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்கை பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கூட்டம் அமையாது. எழுதுபவர், செயல்படுத்துபவர், கட்டுப்படுபவர் மூவருமே இங்கே இருக்கிறீர்கள்.

முதலில் இரண்டு வரிகளைப் படிக்கிறேன். மாதிரிக்காக எழுதியவைதான், ஆனாலும் உங்களுக்குப் பழகிய நடையாக இருக்கும். "மதிப்பெண்ணில் குறை இருப்பதாகக் கருதும் மாணவர் உரிய காலத்தில் உரிய அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டுத் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

இந்தத் தாளோடு ஒரு மாணவி அலுவலகக் கவுன்டருக்கு வருகிறார். உரிய காலம் என்றால் எத்தனை நாள்? உரிய அதிகாரி துறைத் தலைவரா, தேர்வுக் கட்டுப்பாட்டாளரா? கவுன்டரில் இருப்பவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். மறுநாள் அதே இருக்கையில் இருப்பவர் வேறொன்றைச் சொல்வார். நடவடிக்கை 'எடுக்கப்படும்' என்கிறது தாள். எடுப்பது யார்? நம் மொழியில் செயப்பாட்டுவினை இப்படித்தான் ஆளை மறைத்துவிடும். மூன்று மாதம் கழித்து அந்த மாணவி வந்து கேட்டால், கடமையைச் செய்யாதவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. அவருடைய மதிப்பெண் மட்டும் அப்படியே இருக்கும்.

இதையே வேறு விதமாக எழுதிப் பார்ப்போம். "முடிவு வெளியான நாளுக்கு அடுத்த வேலை நாளிலிருந்து எண்ணி, 10 வேலை நாட்களுக்குள் மாணவர் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் நாளும் இதில் அடங்கும். முதலில் திருத்தியவர் அல்லாத வேறோர் ஆசிரியரிடம் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் 3 வேலை நாட்களுக்குள் விடைத்தாளை ஒப்படைக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் முடிவையும் காரணத்தையும் மாணவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." நீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கடமைக்கும் இப்போது ஓர் ஆள் இருக்கிறார். இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சம். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எது நிற்கும்? 15 நாளில் பதில் வராவிட்டால் மாணவர் யாரிடம் போவது? இவற்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் அந்த விதி முடிந்தது என்று சொல்லலாம்.

சண்டையைக் கொண்டுவருபவை பெரும்பாலும் சின்னச் சொற்கள். 'கால நீட்டிப்பு வழங்கலாம்' என்றால் மாணவருக்கு அதைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறதா, அல்லது முழுக்க அதிகாரியின் விருப்பமா? '30ஆம் தேதி வரை' என்றால் 30 சேருமா, சேர்ந்தால் நள்ளிரவு வரையா, அலுவலகம் மூடும் வரையா? 'நோய், விபத்து மற்றும் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால்' என்று எழுதினால், மூன்றும் சேர்ந்து நேர வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறது. அங்கே வர வேண்டிய சொல் 'அல்லது'. இணையத் தொழில்நுட்பத் தரங்களை எழுதுபவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1997 மார்ச்சில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் பிராட்னர் எழுதி வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறிய ஆவணம், கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்குத் திட்டமான பொருளை வகுத்தது. நாமும் அப்படிச் செய்யலாம். 'வேண்டும்' என்றால் கட்டாயம். 'கூடாது' என்றால் தடை. 'இயன்றவரை' என்று வந்தால், விலகுபவர் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 'லாம்' வரும் இடத்திலெல்லாம் யாருடைய விருப்பம் என்பதையும் எழுத வேண்டும். இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டு வரைவுக் குழுவின் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, எது எங்கே இருக்க வேண்டும் என்பது. கொள்கை வேறு, நடைமுறை வேறு, வழிகாட்டுதல் வேறு. நிறுவனம் எதை ஏற்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, ஏன் என்பதைக் கொள்கை சொல்லும். அதை ஆட்சிக்குழுவோ கல்விக்குழுவோ ஏற்க வேண்டும். எந்தப் படிவம், எந்த மேசை, எத்தனை நாள் என்பதை நடைமுறை சொல்லும். அதைப் பொறுப்பு அதிகாரியே மாற்றலாம். வழிகாட்டுதல் கட்டாயமற்ற அறிவுரை. மூன்றையும் ஒரே தாளில் கலந்துவிட்டால், ஒரு மின்னஞ்சல் முகவரி மாறினால்கூட ஆட்சிக்குழுக் கூட்டத்துக்காகக் காத்திருக்க நேரும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் யாராவது கையால் திருத்திவிடுவார்கள். அன்றிலிருந்து எது அங்கீகாரம் பெற்ற வடிவம் என்பதே குழம்பிப் போகும். சற்றுமுன் படித்த விதியில் விடைத்தாளை 3 நாளில் ஒப்படைப்பது அலுவலகத்தின் உள்வேலை. அது நடைமுறைக்குப் போகட்டும். 10 நாளும் 15 நாளும் மாணவரின் உரிமை. அவை கொள்கையிலேயே இருக்க வேண்டும், அலுவலக வசதிக்காக ஒருவர் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது. கொள்கைக்கும் நடைமுறைக்கும் மேலே நிறுவனத்தை உருவாக்கிய சட்டமும் அதன்கீழ் வரும் விதிகளும் இருக்கின்றன. கொள்கை அவற்றோடு முரண்பட்டால் கொள்கைதான் தோற்கும்.

ஒரு கொள்கை தேவை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் வரைவுக்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். என்ன சிக்கல், யாரைப் பாதிக்கிறது, இப்போதுள்ள எந்தக் கொள்கை இதைத் தொடுகிறது, புதியதால் யாருக்கு என்ன கூடுதல் வேலை வரும், பொறுப்பாளர் யார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் வரைவையே தொடங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பொறுப்பாளர் என்பது பதவி, ஆளின் பெயர் அல்ல. ஆள் மாறுவார், பதவி நிற்கும். குழுவைப் பொறுப்பாளராக்குவதும் சரிப்படாது. குழு கலையும்போது கொள்கை அநாதையாகிவிடும்.

வரைவுக் குழுவில் ஐந்து முதல் ஏழு பேர் போதும். அதில் ஒருவர் அந்தக் கொள்கையை நாள்தோறும் கவுன்டரில் கையாளப் போகிறவராக இருக்கட்டும். இவரைத்தான் வழக்கமாக விட்டுவிடுகிறோம், இழப்பும் அங்கேதான். '24 மணி நேரத்தில் பதில்' என்று குழு பெருமையோடு எழுதும்போது, விடுமுறையில் அந்த அலுவலகத்தில் ஆளே இருப்பதில்லை என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். காப்பாற்ற முடியாத கெடுவைக் கொள்கையில் எழுதினால், மேல்முறையீடு வரும்போது நிறுவனத்துக்கு எதிராக நிற்பது நிறுவனத்தின் சொந்தத் தாள்தான்.

வேறொரு பல்கலைக்கழகத்தின் கொள்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் வழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பார்த்துக் கற்பதில் தவறில்லை, நான்கைந்தை அருகருகே வைத்துப் படிப்பது நல்லது. ஆனால் அப்படியே எடுத்தால், நம்மிடம் இல்லாத அலுவலகமும் நம்மிடம் இல்லாத பதவியும் சேர்ந்தே வந்துவிடும். புகாரைப் பெற வேண்டியவர் இல்லாத பதவியில் இருந்தால் அந்தப் புகார் எங்கே போகும்? வரைவில் வரும் ஒவ்வொரு பதவிப் பெயரையும் நம் பணியாளர் பட்டியலோடு ஒப்பிட்டு அடிக்கோடிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

கருத்துக் கேட்பதற்கு 21 முதல் 30 நாள் கொடுங்கள். தேர்வு நடக்கும் வாரங்களும் விடுமுறையும் இதில் சேரக் கூடாது. விடுமுறையில் கேட்டுவிட்டு 'யாரும் எதிர்க்கவில்லை' என்று எழுதினால், அடுத்த முறை யாரும் நம்பிக் கருத்து அனுப்ப மாட்டார்கள். வந்த கருத்துகளை ஓர் அட்டவணையில் இடுங்கள். பிரிவு எண், கருத்து, ஏற்றோமா இல்லையா, காரணம். ஏற்காத கருத்துக்கும் காரணம் எழுதி அந்த அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தம் கருத்தை யாரோ படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே மறுப்பைப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். சட்ட ஆலோசகரிடம் இதன் பிறகு அனுப்புங்கள். அவர் செய்யும் மாற்றம் பொருளையே மாற்றினால் மறுபடி கருத்துக் கேட்க வேண்டும், அதில் சுருக்குவழி கிடையாது.

அங்கீகாரம் கிடைத்த பிறகு நடைமுறைக்கு வரும் நாளைத் தனியாகக் குறிக்க வேண்டும். தேதி மட்டும் போதாது, யாருக்கு என்பதும் வேண்டும். பட்டத்துக்கான தகுதி விதிகள், சேர்ந்த ஆண்டில் எப்படி இருந்தனவோ அப்படியே அந்த மாணவருக்கு நிற்பதுதான் நியாயம். ஆய்வகப் பாதுகாப்பு விதியோ எல்லோருக்கும் ஒரே நாளில் வரலாம். ஒழுங்கு மீறல் புகாரில், சம்பவம் நடந்த நாளில் இருந்த விதியை வைத்தே தவறா என்று பார்க்க வேண்டும். இதனால்தான் பழைய பதிப்பை அழிக்கக் கூடாது. நான்கு ஆண்டுக்கு முந்தைய வழக்கில் அன்றைய பதிப்பைக் கேட்பார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் எண், தொடக்க நாள், முடிவு நாள், மாற்றத்தைப் பற்றி ஒரு வரி. இதைக் காப்பகத்தில் வைத்துவிடுங்கள்.

வெளியிடுவது ஒரே இடத்தில்தான். துறைகள் தங்கள் பக்கத்தில் பிடிஎஃப் பிரதியை ஏற்றாமல், மையக் கொள்கைத் தொகுப்புக்கு இணைப்பு மட்டும் கொடுக்க வேண்டும். பிரதி ஏற்றிய இடத்திலெல்லாம் பழைய பதிப்பு தங்கிவிடும், மாணவர் கையேட்டில் ஒன்று, இணையதளத்தில் இன்னொன்று என்று ஆகும். ஸ்கேன் செய்த தாளை ஏற்றுவதையும் நிறுத்த வேண்டும். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். தனக்குப் பொருந்தும் விதியைத் தானே படிக்க முடியாத நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, விதியை மீறினார் என்று எப்படிச் சொல்வது?

இனி பேணுதல். உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது. உங்களிடம் 60 கொள்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு என்றால் ஆண்டுக்கு 20. தேர்வும் விடுமுறையும் போக எட்டு மாதம் கிடைத்தால், மாதம் இரண்டு அல்லது மூன்று. அதற்கான ஆள் இருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் அபாயத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். பாலியல் துன்புறுத்தல், பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும், பெரும்பாலானவற்றுக்கு மூன்றாண்டு, அசையாதவற்றுக்கு ஐந்தாண்டு. நிறுவனத்தை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிறது என்று ஒரே கூட்டத்தில் 40 கொள்கைகளை நிறைவேற்றினால், 40க்கும் மறுஆய்வு நாள் ஒரே மாதத்தில் வந்து விழும். அப்போது தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுவார்கள். தொடக்கத்திலேயே நாட்களைப் பரப்பி வையுங்கள்.

மறுஆய்வு செய்பவர் தாளை மட்டும் படித்தால் ஒன்றும் தெரியாது. விலக்குப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். யார் விலக்குக் கேட்டார், எதற்கு, யார் கொடுத்தார், எந்த நாள். விலக்குக் கொடுப்பவர் பொறுப்பாளருக்கு மேலே உள்ளவராக இருக்க வேண்டும். ஒரே பிரிவுக்கு ஒரே காரணத்துக்காக விலக்குத் திரும்பத் திரும்பப் போயிருந்தால் அந்தப் பிரிவை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பதிவேடே இல்லாத இடத்தில், கேட்கத் தெரிந்தவருக்கு விலக்கு, கேட்கத் தெரியாதவருக்கு விதி என்று ஆகிவிடுகிறது. குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள்தான் அதில் அடிபடுகிறார்கள்.

அவசரக் கொள்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் பெருந்தொற்று வந்தபோது வருகைப்பதிவு விதியும் தேர்வு விதியும் சில நாட்களில் மாற வேண்டியிருந்தன. இடைக்காலக் கொள்கைக்கு ஆறு மாத ஆயுள், ஒரே ஒரு நீட்டிப்பு, அதற்குமேல் தானாகக் காலாவதி என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது வேறு வகைச் சோதனை. 'பிறர் எழுதியதைத் தமதாகக் காட்டுவது' என்று எழுத்துத் திருட்டை வரையறுத்த இடங்களில், இயந்திரம் 'பிறர்' ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லித் தடை எழுதினால், அடுத்தது வரும்போது மறுபடி திருத்த வேண்டும். பெற்ற உதவி எதுவானாலும் மாணவர் வெளிப்படுத்த வேண்டும் என்பது கொள்கையில் இருக்கட்டும். எந்தப் பாடத்தில் எந்தக் கருவி என்பது வழிகாட்டுதலில் இருக்கட்டும், பருவத்துக்குப் பருவம் மாறட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரு விரிதாள் போதும். கொள்கை எண், தலைப்பு, பொறுப்புப் பதவி, அங்கீகரித்த குழு, அங்கீகரித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், அடுத்த மறுஆய்வு நாள், இதைச் சார்ந்திருக்கும் மற்ற கொள்கைகள். ஒரு பருவம் எடுத்துக்கொண்டு நிரப்புங்கள். பொறுப்புப் பதவி என்ற கட்டம் எங்கெல்லாம் காலியாக இருக்கிறதோ அவற்றை முதலில் கவனியுங்கள். ஒரே பொருளில் இரண்டு இருந்தால் ஒன்றை ரத்துசெய்யுங்கள். ரத்தும் அங்கீகரித்த அதே குழுவின் தீர்மானமாக வர வேண்டும், இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் கொள்கை ரத்தாகாது. பிறகு கவுன்டரில் இருப்பவரிடம் போய், எந்தக் கேள்விக்குத் தாளைப் பார்த்தும் பதில் சொல்ல முடியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் கொள்கையைத்தான் முதலில் திருத்தி எழுத வேண்டும். வணக்கம்.