யூரோப்பாவின் உப்பு எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் விளக்கு வெளிச்சத்தில் பெரும்பாலான விண்மீன்கள் மங்கிவிடும், ஆனால் வியாழன் நன்றாகத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் தாழ்வாரத்தில் நின்று, கை ஆடாமல் பைனாகுலரைப் பிடித்தால் அதன் பெரிய நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும். அவற்றில் ஒன்றான யூரோப்பாவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மேலே பனிக்கட்டி ஓடு, அதற்கு அடியில் உப்புக்கடல். அப்படித்தான் விஞ்ஞானிகள் நம்புகிறார்கள். ஓட்டைத் துளைத்து இறங்க இப்போதைக்கு வழியில்லை. பனியின் மேல் கிடப்பதை வைத்துத்தான் கடலை அறிய வேண்டும். சூரிய ஒளி பனியில் பட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்ளும். தண்ணீர்ப் பனி அகச்சிவப்பில் 1.5, 2 மைக்ரோமீட்டர் அளவுகளில் விழுங்கும். வியாழனை 1995 முதல் 2003 வரை சுற்றிய கலிலியோ விண்கலம், சில இடங்களில் இந்தத் தடயம் கோணலாக இருப்பதைக் கண்டது. பனியில் வேறு ஏதோ கலந்திருந்தது. மெக்னீசியம் சல்பேட் உப்பு என்றார்கள் சிலர், கந்தக அமிலம் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டிலும் கந்தகம் உண்டு. சிக்கல் என்னவென்றால், பக்கத்து நிலவான அயோவின் எரிமலைகள் கந்தகத்தைக் கக்குகின்றன. வியாழனின் காந்தப்புலம் அந்தக் கந்தகத்தையும் இழுத்துக்கொண்டு சுமார் 10 மணி நேரத்துக்கு ஒரு முறை சுழல்கிறது. யூரோப்பா வியாழனைச் சுற்றிவர மூன்றரை நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் அந்தக் கந்தகம் பின்னாலிருந்து துரத்திவந்து யூரோப்பாவின் முதுகில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கந்தகத்தைக் கடலின் கணக்கில் எழுத முடியாது. என்னைக் கேட்டால், முன்பக்கத்தைத்தான் நம்பலாம். அங்கே தாரா ரீஜியோ என்ற, பனி உடைந்து குழம்பிய பகுதியில் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு இருப்பதற்கான தடயம் ஹபிள் தொலைநோக்கியில் கிடைத்ததாக 2019இல் அறிவித்தார்கள். கதிர்வீச்சு பட்டால் வெள்ளை உப்பு மஞ்சளாகும் என்பது ஆய்வகத்தில் தெரிந்திருந்தது. அந்த மஞ்சள்தான் காட்டிக்கொடுத்தது. அப்புறம் 2023இல், அதே பகுதியில் கரியமில வாயு செறிந்திருப்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கண்டது. அதுவும் கடலிலிருந்து வந்திருக்கலாம்.

2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையும். வியாழனைச் சுற்றியுள்ள கடுமையான கதிர்வீச்சில் அதிக நேரம் நிற்காமல், 49 முறை யூரோப்பாவை நெருங்கி விலகும். அதன் அகச்சிவப்புக் கருவி வரையும் வரைபடத்தில் நான் முதலில் தேடப்போவது விரிசல்களைத்தான். உப்பு அந்த விரிசல்களை ஒட்டியே கோடு போட்டிருந்தால், அது கீழேயிருந்து வந்தது என்று இன்னும் துணிந்து சொல்லலாம். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் யாராவது அந்தத் தரவை எடுத்து ஆராய வேண்டும் என்பது என் ஆசை.