மடங்களைக் காத்தது ஆளுகை முறையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த விதிநூலான 'ஒழுங்கை'ப் பின்பற்றிய கிறித்தவத் துறவு மடங்களைச் சீர்குலையாமல் காத்தது தலைவரின் தகுதியா, ஆளுகை முறையா என்ற வழக்கில், ஆளுகை முறையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பிரான்சின் குளூனி மடத்தைச் சான்று காட்டினார். ஓடிலோ, ஹியூ என்னும் இரண்டே மடாதிபதிகள் 994 முதல் 1109 வரை அதை ஆண்டு, ஐரோப்பாவே வியக்கும்படி வளர்த்தார்கள் என்றார். உண்மைதான், அந்தப் பெரியோரை நானும் வணங்குகிறேன். ஆனால், ஹியூவுக்கு அடுத்து வந்த போன்ஸைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லையே! 1122இல் பதவியைத் துறந்த போன்ஸ், 1126இல் அப்போதைய மடாதிபதி பீட்டர் வெளியே சென்றிருந்த வேளை பார்த்து, ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து மடத்தைக் கைப்பற்றினார். பொற்சிலுவைகளையும் திருப்பாத்திரங்களையும் உருக்கி அந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்தார் என்று பீட்டரே வருந்தி எழுதியிருக்கிறார். கடைசியில் ரோமிலிருந்த போப் தலையிட்டுத் தண்டித்தார். போன்ஸ் ரோமில் சிறையிலேயே இறந்தார். 910இல் அக்குவிட்டேன் கோமகன் வில்லியம் குளூனி மடத்தை நிறுவி எழுதிக்கொடுத்த சாசனம் வெளிப் பிரபுக்களின் கையைத் தடுத்ததே தவிர, மடாதிபதியே தடம் புரண்டால் உள்ளிருந்து தட்டிக்கேட்கும் வழி எதையும் வகுக்கவில்லை. பெனடிக்டின் ஒழுங்கும் இளையவர் உட்பட எல்லோரிடமும் ஆலோசனை கேட்கச் சொல்லிவிட்டு, முடிவை மடாதிபதியிடமே விட்டுவிடுகிறது.

அந்தக் குறையைத்தான் 1098இல் பிரான்சில் தோன்றிய சிட்டோ மடத்தார், அதாவது சிஸ்டெர்சியன் துறவிகள், தீர்த்தார்கள். சிட்டோவின் மடாதிபதி ஸ்டீஃபன் ஹார்டிங் காலத்தில் உருவாகி, 1119இல் போப் இரண்டாம் கலிஸ்டஸ் உறுதிசெய்த 'அன்பின் சாசனம்' சொல்வதைக் கேளுங்கள்: தாய்மடம் கிளைமடத்திடம் பொருள் கேட்கக் கூடாது, ஆனால் தாய்மடத்துத் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சென்று அங்குள்ள ஒழுக்கத்தைப் பார்வையிட வேண்டும், மடாதிபதிகள் அனைவரும் ஆண்டுதோறும் சிட்டோவில் கூடி, தவறியவரைத் திருத்த வேண்டும். சிட்டோவின் மடாதிபதிக்கும் விலக்கு இல்லை. பிற்காலத்தில் லா ஃபெர்ட்டே, போன்டிக்னி, கிளேர்வோ, மோரிமோன் என்னும் நான்கு கிளைமடங்களின் தலைவர்களே தாய்மடத்தைப் பார்வையிட வந்தார்கள். நடுவர் அவர்களே, மகள் வீட்டார் வந்து தாய்வீட்டுக் கணக்கைக் கேட்கும் இந்தத் துணிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

1215இல் திருச்சபைத் தலைவர்கள் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், இத்தகைய கூட்டம் இல்லாத மடங்கள் தத்தம் நாட்டில் அல்லது மாநிலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் வழிகாட்ட, அருகிலுள்ள இரண்டு சிஸ்டெர்சியன் மடாதிபதிகளை அழைத்துக்கொள்ளவும் சொன்னது. அவர்கள் இப்படிக் கூடி நெடுநாள் பழகியவர்கள் என்பதே சங்கம் சொன்ன காரணம். தலைவரின் தகுதி மட்டுமே போதுமென்றால், இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எதிரணியினர் விடை சொல்லட்டும்.