தோள் சரியாக இருந்தால் போதும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மதுரையில் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்து டி-சர்ட், ஜீன்ஸ், ட்ராக் பேண்ட் என்றே வளர்ந்த பெண்களைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். அண்ணன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மைதானத்தில் பாதிப் பொழுதைக் கழித்தவர்கள் இவர்கள். இருபது, இருபத்தைந்து வயதுக்கு வரும்போது சிலருக்கு ஓர் ஆசை வருகிறது: கொஞ்சம் பெண்மையாக உடுத்திப் பார்த்தால் என்ன? பீரோவைத் திறந்தால் எல்லாம் கறுப்பும் சாம்பலும் நேவி ப்ளூவும். கையில் பெரிய தொகையும் இருக்காது. வேலையில் சேர்ந்த புதிதாக இருக்கும், அல்லது இன்னும் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆசை அந்தப் பெண்ணுக்கே வந்ததாக இருக்க வேண்டும். சில அம்மாக்கள் மகளை இழுக்காத குறையாகக் கடைக்குக் கூட்டி வருவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், நல்லதாக நாலு சுடிதார் தைத்துக் கொடுங்கள் என்பார்கள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படித் தைத்த உடை ஒரு நாளைக்கு மேல் அந்த உடம்பில் ஏறாது, கொடுத்த காசும் வீண். சட்டை பேண்ட்டில் சந்தோஷமாக இருக்கிற பெண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். தானாக மாற்றிப் பார்க்க நினைக்கிற பெண்ணுக்குத்தான் நான் சொல்லப்போவதெல்லாம்.

கோவில்பட்டிப் பெண் ஒருத்தி என் கடைக்கு வந்தாள். ஹாக்கிக்குப் பேர்போன ஊர் அது. இவளும் பள்ளி நாளிலிருந்து ஆடியவள். அகன்ற தோள், உரமேறிய கை. மதுரையில் வேலை கிடைத்திருந்தது. "அக்கா, சுடிதார் போட்டா யாரோ மாதிரி இருக்கு. அதுக்காக இந்தச் சட்டையவே போட்டுக்கிட்டு இருக்கவும் பிடிக்கல" என்றாள். வாங்கி வைத்துவிட்டுப் போடாமலே கிடக்கும் சுடிதார் ஏதாவது இருந்தால் எடுத்து வா என்றேன். மறுநாள் கொண்டுவந்து போட்டுக் காட்டினாள். கையைத் தூக்கு என்றேன். கையோடு சேர்ந்து உடை முழுவதும் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. முதுகில் துணி இழுத்துப் பிடிக்க, மேல்கையில் தையல் வெடிக்கிற மாதிரி இறுகியது. பாவம், இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் யாராக இருந்தாலும் கூச்சமாகத்தான் இருக்கும்.

பெண்ணுடை எனக்கு ஒத்து வராது, என் உடம்புவாகு அப்படி, என் குணம் அப்படி என்று இந்தப் பெண்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்குச் சிக்கல் தையலில்தான் இருக்கிறது. டி-சர்ட் பனியன் துணி. பின்னல் துணி என்பதால் இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சேர்ந்துகொள்ளும். அது நம்முடன் கூடவே அசைந்து கொடுத்துப் பழக்கிவிட்டது. குர்த்தியும் சுடிதாரும் பெரும்பாலும் தறியில் நெய்த துணி. அது நீளாது. அந்த அசைவுக்கான இடத்தைத் தைக்கிறவர்தான் விட்டுக் கொடுக்க வேண்டும். மார்புச் சுற்றளவுக்கு மேல் 3, 4 அங்குலம் லூஸ் இருந்தால்தான் மூச்சு விட்டு, குனிந்து நிமிர முடியும். அக்குள் வெட்டு இன்னும் முக்கியம். அது கீழே இறங்கி இருந்தால் கையைத் தூக்கும்போது உடையும் கூடவே ஏறும். ரெடிமேடில் பல உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று அந்த வெட்டை இறக்கமாகவே வைத்து விடுவார்கள்.

அந்தப் பெண்ணின் சுடிதாரில் அக்குளுக்கு அடியில் தையலைப் பிரித்து, உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்தேன். பேண்ட் நீளம் கூடுதலாக இருந்தது, அதில் வெட்டிய துணியே போதுமானதாக இருந்தது. கையை நன்றாகத் தூக்கி, மட்டையைச் சுழற்றுவது போலச் சுழற்றிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மடித்து வைத்திருந்த உடையை அன்றைக்கே போட்டுக்கொண்டு போனாள்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள். பெரிய சைஸ் காலர் சட்டை ஒன்றாவது இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, தோள் தையல் எங்கே வருகிறது என்று பாருங்கள். தோள் எலும்பு முடியும் இடத்தில் வந்தால் அந்தச் சட்டையை அழகாக மாற்றிவிடலாம். இரண்டு அங்குலம் கீழே தொங்கினால் விட்டுவிடுங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையைச் சுருக்கலாம். தோளை மாற்ற வேண்டுமென்றால் கையைப் பிரித்து, அக்குள் வெட்டையும் மாற்றி, திரும்பத் தைக்க வேண்டி வரும், புதுச் சட்டை தைக்கிற வேலை அது. புதிதாக வாங்கும்போதும் இதே கணக்குத்தான். தோள் சரியாக இருந்தால் போதும், மற்றதை எங்களிடம் விடுங்கள்.

தோள் பொருந்திய சட்டைக்கு முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு டார்ட், அதாவது இடுப்பை ஒடுக்கும் மடிப்புத் தையல், பிடிப்போம். ஒவ்வொன்றும் அரை அங்குல மடிப்பு, அதாவது ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் துணி உள்ளே போகும். நான்குமாகச் சேர்ந்து இடுப்பில் 4 அங்குலம் குறைந்துவிடும். மார்பும் தோளும் முன்பு போலவே தாராளமாக இருக்கும், நடுவில் மட்டும் உடம்பின் வளைவு தெரியும். அதே சட்டைதான், காலர் அதே, நிறம் அதே, ஆனால் ஆளே வேறு மாதிரித் தெரிவார்கள். கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மடித்து, உள்ளே ஒரு பட்டியும் பட்டனும் வைத்துவிட்டால் மடிப்பு அவிழாது. எங்கள் பக்கம் இந்த வேலைக்கு 100, 150 ரூபாய் ஆகும், ஊருக்கு ஊர் மாறும். ஆண்கள் சட்டையில் பட்டன் வலது பக்கம் இருக்கும், பெண்கள் சட்டையில் இடது பக்கம் இருக்கும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை, மாற்றச் சொல்லிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

டி-சர்ட்டையும் சைடு பிடித்துப் போடலாம். ஆனால் தைக்கக் கொடுக்கும்போது ஊசியைக் கேளுங்கள். சாதாரண ஊசியின் கூர்நுனி பனியன் துணியின் இழையை அறுத்துவிடும், நாலு துவையலில் தையல் ஓரமெல்லாம் பொத்தல் விழும். நுனி உருண்ட ஊசி என்று தனியாக இருக்கிறது, அதில் அடித்தால் இழை விலகி வழிவிடும். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய பனியன் வகைகள் மலிவாகக் கிடைக்கும். பெண்களுக்கான கழுத்தும் கையும் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் ஆல்ட்டரேஷன் செலவே இல்லை. எடுக்கும்போது இரண்டு தோளையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கவாட்டுத் தையல் நேராக இறங்காமல் முன்பக்கம் திரும்பியிருந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

புதுத் துணி விஷயத்துக்கு வருகிறேன். பெண்மையாகத் தெரிவது பூப்போட்டதாலோ ரோஸ் நிறத்தாலோ வருவதில்லை. பெரும்பாலும் துணி எப்படி விழுகிறது என்பதில் இருக்கிறது. கஞ்சி போட்ட மொடமொடப்பான காட்டன் உடம்பை விட்டுத் தள்ளி நிற்கும். சேலைக்கு அது அழகு, குர்த்திக்கு அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். ரேயானும் மல் காட்டனும் உடம்போடு வழுக்கி இறங்கும், நடக்கும்போது ஆடும். டி-சர்ட் பழகிய பெண்ணுக்கு இவை இரண்டும்தான் நல்ல தொடக்கம், தோலுக்கும் அந்நியமாக இருக்காது. ரேயான் தண்ணீர் பட்டால் சுருங்கும். வாங்கியதும் நனைத்துக் காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே இருந்தது மேலே ஏறிவிடும்.

மீட்டர் துணியை விடச் சேலையாக வாங்கினால் மலிவு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எங்கள் மதுரைச் சுங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரச் சமூகப் பெண்கள் விரல் நுனியில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, புள்ளி புள்ளியாகக் கொண்டுவந்த துணி அது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைமுடிச்சுப் போட்டது விலை கூடுதல், அதை வெட்டாதீர்கள், அது சேலையாகவே இருக்கட்டும். அச்சடித்த சுங்குடி 600, 700 ரூபாய்க்குக் கிடைக்கும். ஐந்தரை மீட்டர் நீளம். அதில் இரண்டரை மீட்டரில் முக்கால் கை வைத்த குர்த்தி ஒன்று. மிச்சம் 3 மீட்டரை அப்படியே இடுப்பில் சுருக்கு வைத்தால் கணுக்கால் வரை ஒரு பாவாடை, பார்டர் தானாகவே கீழே வந்து நிற்கும். அந்தப் பாவாடைக்கு மேலே நீங்கள் வைத்திருக்கும் கறுப்பு டி-சர்ட்டை உள்ளே சொருகிப் போட்டுப் பாருங்கள். பழைய டி-சர்ட்டுக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து கிடையாது. சாயம் முதல் சில துவையலுக்குப் போகும், தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

அம்மாவின் பழைய சேலையிலும் இதைச் செய்யலாம். வெட்டும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடமும் குதிகால் உரசிய ஓரமும் நைந்து, சல்லடை போலத் தெரியும். அந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். பழைய பட்டாக இருந்தால் லைனிங் இல்லாமல் தைக்கவே கூடாது.

தோள் அகன்ற பெண்கள் நிறையப் பேர் அதை மறைக்கவே பெரிய சட்டை போடுகிறார்கள். தோளுக்குத் தோள் அகலமாக வெட்டிய போட் நெக்கும், தோளில் உப்பி நிற்கும் பஃப் கையும் அந்தத் தோளை இன்னும் அகலமாக்கும். வி கழுத்து வைத்து, கையை அலங்காரம் இல்லாமல் விட்டு, கீழே கொஞ்சம் விரிந்த பாவாடையோ பலாஸோவோ போட்டால் உடம்பு சமமாகத் தெரியும். விளையாடி வளர்ந்த தோள் எவ்வளவு நிமிர்வைத் தருகிறது! அதன்மேல் துணி விழுகிற அழகு வேறு யாருக்கும் வராது. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அளவு டேப்பும் கையுமாக நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பாக்கெட் கண்டிப்பாகக் கேளுங்கள். ஜீன்ஸில் போனையும் சாவியையும் வைத்துப் பழகியவர்களுக்குப் பாக்கெட் இல்லாத குர்த்தி கை ஒடிந்த மாதிரி இருக்கும். பக்கத் தையலுக்குள் வைக்கிற பாக்கெட் வெளியே தெரியாது, முப்பது நாற்பது ரூபாய் வேலை. போன் கனத்தில் துணி தொங்காமல் இருக்க, இடுப்புத் தையல் உள்ள உடையில் பாக்கெட்டின் மேல் முனையை அதோடு பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் சைடு ஓப்பனைக் கொஞ்சம் மேலே கேளுங்கள், காலைத் தூக்கிப் போட வசதி. துப்பட்டா வேண்டாம் என்றால் வேண்டாம். போட்டால், வண்டியில் ஏறும் முன் இரண்டு முனையையும் முன்னால் கொண்டுவந்து முடிந்துகொள்ளுங்கள். சக்கரத்தில் சிக்கி எத்தனை விபத்து நடக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறோம்.

நகையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒரு ஜோடிச் சின்ன ஜிமிக்கி, பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு பொட்டுத் தோடு. முதல் நாளே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டால் மேடையேறப் போகிற மாதிரி இருக்கும். செருப்புக்கு ஒரு கோலாப்பூரி, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் முதல் தடவை குர்த்தியோ பாவாடையோ போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வரும்போது, "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள். அவள் காதில், இத்தனை வருஷம் நீ சரியாக இல்லை என்று விழும். திரும்பி உள்ளே போய்ப் பழைய டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு வருவாள். "நல்லாயிருக்கும்மா" என்றால் போதும்.

எப்போது ஆரம்பிக்கலாம்? ஆடி மாதம். துணிக்கடையில் தள்ளுபடி இருக்கும். கல்யாணம் இல்லாததால் எங்களுக்கும் ஜாக்கெட் வேலை குறைவு, உட்கார்ந்து பொறுமையாக அளவெடுத்து, இரண்டு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி, திருத்திக் கொடுக்க முடியும். ஆவணி பிறந்தால் முகூர்த்தம், அடுத்து தீபாவளி. அப்போது வந்து நின்றால் அளவு உடையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவோம், பேச நேரம் இருக்காது. வரும்போது உங்களுக்கு ரொம்பப் பிடித்த, போட்டுப் போட்டு நைந்துபோன சட்டை ஒன்றை எடுத்து வாருங்கள். அதில் எந்த இடம் உங்களுக்குச் சுகமாக இருக்கிறதோ, அந்த அளவைத்தான் நாங்கள் புது உடைக்கு எடுக்கப் போகிறோம். தைத்து முடித்ததும் கடையிலேயே போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே கழற்றிக் கொடுங்கள், பிரித்துத் தைத்துத் தருவோம். வணக்கம்.