சும்மாவா கும்பிடுகிறான்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

செப்டம்பர் பிறந்துவிட்டது. எட்டாம் தேதி இரவு நம் மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லிலிருந்தும் கத்ர் போர்னிலிருந்தும், இன்னும் தெற்கே தொலைதூர ஊர்களிலிருந்தும் மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்து போர்ட் லூயிஸை அடுத்த சேன்த் குருவாவுக்கு வருவார்கள். தீவு முழுவதும் பெர் லவால், அதாவது தந்தை லவால், என்று அழைக்கும் கத்தோலிக்கக் குரு, அருளாளர் ழாக் தெசிரே லவாலின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அவர் 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று இறந்தார். அந்த நாளுக்காகத்தான் இந்த நடை.

நடையோடு கூடவே ஆண்டுதோறும் ஒரு முணுமுணுப்பும் எழும். இத்தனை பேரில் பக்திக்காக வருகிறவர்கள் எத்தனை பேர்? மகனுக்கு வேலை, மகளுக்கு மாப்பிள்ளை, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைய வேண்டும். காரியம் முடிந்தால் அடுத்த செப்டம்பர்வரை கோவில் வாசற்படியை மிதிக்கமாட்டார்கள். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர்கள், அதுவும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். உண்மையான பக்தி, சுயநல பக்தி என்னும் பொருளில் பேச வேண்டும் என்று தமிழ் நிகழ்ச்சிப் பிரிவினர் கேட்டதும், அந்த முணுமுணுப்புக்குப் பதில் சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்தும் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விவிலியத்தில் இந்தக் கேள்வியை நேருக்கு நேராக எழுப்புகிறவன் யார் தெரியுமா? சாத்தான். யோபுவைப் போல் நல்லவன் உண்டா என்று கடவுள் பெருமையாகச் சொல்கிறார். அவன் உடனே, யோபு சும்மாவா உமக்குப் பயந்து நடக்கிறான், அவனைச் சுற்றி வேலி அடைத்து வைத்திருக்கிறீரே, அதை எடுத்துவிட்டுப் பாரும் என்கிறான். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர் மாடு, ஐந்நூறு கழுதை, பத்துப் பிள்ளைகள். இத்தனையும் இருப்பவனுக்குப் பக்தி வருவதில் என்ன வியப்பு என்பதுதான் அவன் வாதம். கேட்டவன் சாத்தான் என்பதால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நல்ல கேள்வி. நம்மில் பலர் நம்மை நாமே கேட்கத் தயங்கும் கேள்வி.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரியும். எல்லாம் போயிற்று, பிள்ளைகளும் போனார்கள், உடம்பெல்லாம் புண். ஆறுதல் சொல்ல நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள்; அதுவரைக்கும் நல்லவர்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இப்படி, ஒப்புக்கொள், பழையபடி எல்லாம் கிடைக்கும் என்று மாறி மாறிச் சொல்கிறார்கள்.

நம் ஊர்ச் சீனர் கடைகளில் முன்பெல்லாம் வீட்டுக்கொரு கடன் நோட்டு இருக்கும், கார்னே என்போம். அரிசி, எண்ணெய், உப்புக் கருவாடு என்று அன்றன்றைக்கு எழுதிக்கொண்டே வந்து, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். யோபுவின் நண்பர்கள் கடவுளிடமும் அப்படி ஒரு கார்னே இருக்கிறதென்று நம்பியவர்கள். புண்ணியம் ஒரு பக்கம், சுகம் ஒரு பக்கம். கணக்கு இடிக்கிறதென்றால் தப்பு உன் பக்கத்தில்தான். யோபு அதை ஏற்கவே இல்லை. அழுகிறான், பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு அழைக்கிறான். ஆனால் ஆடு மாட்டைத் திருப்பிக் கொடு என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல் என்றுதான் கேட்கிறான்.

கடைசியில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார் பாருங்கள். என் ஊழியனாகிய யோபுவைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களிடம் சொல்கிறார். முறையிட்டுச் சண்டை பிடித்தவன் சரி. கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் தவறு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சி வரும்.

முடிவில் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கிறதே, ஆக அதுவும் வியாபாரந்தானே என்று என் மாணவன் ஒருவன் முன்பு மடக்கினான். ஆடு பதினாலாயிரம் ஆயிற்று, ஒட்டகம் ஆறாயிரம் ஆயிற்று, சரிதான். பிள்ளைகள் மட்டும் மறுபடியும் ஏழு ஆண், மூன்று பெண், இரட்டிப்பு இல்லை. செத்துப்போன பத்துப் பேருக்கு ஈடு எதுவும் எழுதப்படவில்லை. செழிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த ஒட்டகக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இனி, கேட்பது தவறா? இயேசு கற்றுக்கொடுத்த செபத்திலேயே அன்றாட உணவு வருகிறது. பார்வையற்ற பர்த்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவரே கேட்கிறார். பார்வை வேண்டும் என்று அவனும் சொல்கிறான். உயர்ந்த ஞானம் எதையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று யாரும் அவனைக் குறை சொன்னதில்லை. யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே. வீட்டைவிட்டு ஓடும் வழியில் கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்தவன், விடிந்ததும் நிபந்தனை போடுகிறான். உண்ண உணவும் உடுக்க உடையும் தந்து பத்திரமாக வீடு சேர்த்தால் நீர் என் கடவுள், கிடைப்பதில் பத்தில் ஒன்று உமக்கு. இதைவிடப் பச்சையான பேரம் உண்டா? கடவுள் அவனை விரட்டவில்லை. தொழுநோய் நீங்கிய பத்துப் பேரில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பினான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு வருந்திக் கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை.

அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்து அவர் ஒருமுறை சொன்னார். அந்தச் சொல்லைத்தான் முன்வரிசைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் அந்த ஐயாயிரம் பேருக்கும் வயிறு நிறையக் கொடுத்தவர் அவர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது சேன்த் குருவாவுக்கு வருவோம். லவால் நோர்மாந்தியில் பிறந்த மருத்துவர். நல்ல வருமானம் இருந்தது. அதைவிட்டுக் குருவாகி, 1841இல் இந்தத் தீவுக்கு வந்தார். அப்போது அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலை பெற்றவர்கள் 60,000-க்கும் மேல். இழப்பீட்டுப் பணம் உடைமையாளர்களின் கைக்குப் போயிற்று, உழைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

சுயநல பக்தியைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் முந்திய காலத்தைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவுகளுக்கென்று 1723இல் கொண்டுவந்த அடிமைச் சட்டம், அடிமைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்க மறையைக் கற்பிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஓடிப்போய் ஒரு மாதம் தலைமறைவாக இருந்தவனின் காதை அறுத்துச் சூடு போடவும் அதே சட்டம் சொன்னது. ஒரே தாளில் இரண்டும். ஞானநீர் ஊற்றினால் ஆன்மா கடவுளுக்கு, உடம்பு தோட்டத்துக்கு. மகனின் வேலைக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் தாயைச் சுயநலம் என்று சொல்கிறவர்கள், இதை என்னவென்று சொல்வார்கள்?

லவால் அவர்கள் பேசிய கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டார். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் வருகிறவர்களுக்கு இரவிலேயே மறைக்கல்வி நடத்தினார். அவர்களிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து மற்றவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கேலி செய்தன. 23 ஆண்டுகள் இங்கேயே இருந்து இங்கேயே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். தம் பணிக்காலத்தில் அவர் முதன்முதலாக நடத்திய அருளாளர் பட்ட விழாவில் பட்டம் பெற்றவர்களில் நம் லவாலும் ஒருவர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கல்லறைமேல் அவர் படுத்திருப்பதைப் போல ஓர் உருவம் உண்டு. வரிசை நகர நகர ஒவ்வொருவரும் அதன்மேல் கை வைத்துவிட்டுப் போவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு முன்னால் நெற்றியில் குங்குமம் வைத்த ஓர் அம்மாள் நின்றிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பை நீவி, சிலையின் பாதத்தில் ஒற்றி எடுத்தார். எட்டிப் பார்த்தேன், ஆசிரியர் புத்தி போகுமா? எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்கான நுழைவுத் தாள். என் முகத்தைப் பார்த்ததும், "தப்பா மிஸ்?" என்று கேட்டார். அவருடைய மூத்த பையனுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேனாம். "தைப்பூசத்துக்குக் காவடியும் எடுக்கிறோம் மிஸ், இங்கேயும் வருகிறோம்" என்றார். அவர் மகன் படித்தானா என்று கேட்டேன். "படிக்கிறான், ஆனால் பயப்படுகிறான். அந்தப் பயத்துக்காகத்தான் வந்தேன்" என்றார். இதில் எந்தப் பகுதி சுயநலம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனக்கென்று அந்த அம்மாள் எதையும் கேட்கவில்லை.

வியாபாரம் வேறிடத்தில் நடக்கிறது. கைப்பேசியில் வரும் பிரசங்கம் ஒன்றில், இவ்வளவு காணிக்கையை விதையாகப் போட்டால் நூறு மடங்கு அறுவடை என்கிறார்கள். அங்கே பணம் போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் நெருக்கடியில் இருப்பவர்கள். ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்ட பகுதியை அந்தப் பிரசங்கிகள் விரும்பி வாசிப்பார்கள். மாற்கு நற்செய்தியில் அதற்கு நேர் முன்னால் உள்ள வசனத்தில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. திருத்தூதர்களிடம் பணத்தை நீட்டித் தூய ஆவியின் வல்லமையை விலைக்குக் கேட்ட சீமோனுக்கு நல்ல திட்டு கிடைத்தது. இன்று அவனுடைய கடை ஒழுங்காக நடக்கிறது.

இன்னொரு வகை பக்திக்குப் பணம் வேண்டாம், பார்வையாளர்கள் போதும். திருவிழாக் குழுவில் பெயர், நன்கொடைப் பலகையில் பெயர், பவனியில் ஆயருக்கு அருகே இடம். இது எல்லா மதத்திலும் உண்டு. நம் கோவில் நிர்வாகக் குழுக்களைப் பற்றி நான் சொல்லித்தான் நேயர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவர்கள் தங்கள் கைம்மாறைப் பெற்றுவிட்டார்கள் என்று இயேசு இதை ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் முடித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வகைதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் அதில் பணமும் இல்லை, பலகையும் இல்லை. இயேசு சொன்ன கதையில், ஆலயத்தில் நின்று, கடவுளே, நான் மற்றவர்களைப் போல் இல்லாததற்கு நன்றி என்று செபித்த பரிசேயரை, மறைச்சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவரை, நினைத்துப் பாருங்கள். அவர் எதையும் கேட்கவில்லை! வேலை கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை, வெறும் நன்றி செபம். தூய பக்தி என்று அளந்து பார்த்தால் அவருக்குத்தான் முதலிடம். அதே ஆலயத்தில் தூரத்தில் நின்று, என்மேல் இரக்கம் வையும் என்று தனக்காகக் கேட்ட வரிதண்டுபவர்தான் நீதிமானாக வீடு திரும்பினார். செப்டம்பர் மாதத்து முணுமுணுப்பு எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

சங்கப் புலவர் முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் பாடும்போது, அவன் அறவிலை வணிகன் அல்லன் என்றார். இங்கே செய்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன் இல்லை, சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான் என்று புகழ்ந்தார். இந்தக் கேள்வி நம் முன்னோர் கப்பலேறும் முன்பே நம்மிடம் இருந்தது.

அப்படியானால் வேறுபாட்டை எங்கே பார்ப்பது? கேட்டது கிடைக்காத நாளில் என்பது என் எண்ணம். தானியேல் நூலில், நெருப்புச் சூளை முன் நின்ற மூவரும், எங்கள் கடவுள் எங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைக் கும்பிடமாட்டோம் என்று அரசனிடம் சேர்த்துச் சொன்னார்கள். விடுதலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேண்டும், இல்லாவிட்டாலும் இங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது ஆண்டுதோறும் நடந்து போய் மன்றாடினார். கணவர் இறந்துவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரிலும் பாட்டி சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டது நடக்கவில்லையே அக்கா, கோபம் இல்லையா என்றேன். "இருந்தது. போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன்" என்றார். பிறகு, "பெர் லவாலும் டாக்டர்தானே. அவர் கையிலும் எத்தனை பேர் செத்திருப்பார்கள். அவருக்குத் தெரியும்" என்றார். பையில் தண்ணீர் போத்தலும் இரண்டு ரொட்டியும் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

இந்த ஆண்டும் அவர் போகிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். பாதித் தூரம் நடை, மீதிக்குப் பஸ் என்று பேசி முடித்திருக்கிறோம், ஏனென்றால் என் வலது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அந்த முழங்காலுக்காகவும் அங்கே கேட்கத்தான் போகிறேன். முன்வரிசைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

வாய்ப்பளித்த தமிழ் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.