வீடியோ கால் லேப்டாப்: வேலூர் வெயிலில் ஒரு வாரம்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பேசுகிறேன். பின்னால் ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வீடியோ எடுக்க என்னால் ஆகாது.

மேசையில் இருக்கிறது பாருங்கள், இதன் விலை 24,000 ரூபாய். வீடியோ கால் பேசுவதற்கென்றே செய்தது என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பேர் சொல்லவில்லை. இந்த விலைக்கு வருகிற லேப்டாப்பெல்லாம் கிட்டத்தட்ட இதே சாமான்களோடுதான் வருகின்றன. சொந்தக் காசில் வாங்கியது, யாரும் அனுப்பி வைக்கவில்லை.

வாங்கியது அம்மாவுக்காக. அக்கா துபாயில் இருக்கிறாள். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், கால் மட்டும் போகாது. ஜூம், கூகுள் மீட் மாதிரியானவை போகும். இத்தனை நாள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனைப் பிடிக்கிற அழகில் அக்கா பையன் பாட்டியின் நெற்றியை மட்டும்தான் பார்த்து வளர்ந்திருக்கிறான். இன்னொன்று, அம்மாவுக்கு எந்த ஆப்பும் ஸ்கைப்தான். ஸ்கைப்பை 2025 மே 5-ம் தேதியோடு மூடிவிட்டார்கள் என்று சொன்னால், “அப்போ நேத்து பேசினது இன்னாடா?” என்கிறார்.

உள்ளே இருப்பது இன்டெல் செலரான் என்4500 சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலத் திரை. இதற்கு மேல் அந்தப் பட்டியலைப் படிக்கப் போவதில்லை. ஏனென்றால் கால் பேசுகிற லேப்டாப்பை அதன் முன்னால் உட்கார்ந்து சோதிக்கவே முடியாது. கெட்டுப்போகிற படமும் சத்தமும் அந்தப் பக்கம்தான் போய்ச் சேருகிறது. அதனால் ஒரு வாரம் அக்காவை அங்கிருந்து திரையைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். நான் தீர்ப்பு சொல்வது அதை வைத்துத்தான்.

முதலில் மைக். படத்தில் கட்டம் விழுந்தால் சமாளித்துவிடலாம், குரல் உடைந்தால் பேச்சே நின்றுவிடும். இதில் கீபோர்டுக்குக் கீழே, இடது ஓரத்தில் ஒரே ஒரு சின்ன ஓட்டை. அம்மா சரியாக அங்கேதான் கையை வைப்பார். வளையல் மேசையில் இடித்தால் அக்காவுக்கு லாரி போகிற மாதிரி கேட்கிறது. 150 ரூபாய் இயர்போன் வாங்கிக் கொடுத்தேன், மாட்டலில் சிக்குகிறது என்று கழற்றிவிட்டார். கடைசியில் லேப்டாப்பை நான்கு விரற்கடை தள்ளி வைத்ததுதான் வைத்தியம்.

வெள்ளிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. அம்மா பூஜையைக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பை சாமி அறைப் பக்கம் திருப்பி வைத்துக் கற்பூரம் காட்டினார். பதிவைப் பார்த்தால் கை ஆடுகிறது, மணி ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. பேச்சல்லாத சத்தத்தையெல்லாம் இரைச்சல் என்று ஜூம் வடிகட்டிவிடுகிறது. ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் போனது சந்தோஷம்தான், கூடவே மணியும் போய்விட்டது. ஜூம் ஆடியோ செட்டிங்கில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒன்று இருக்கிறது, பாட்டு வாத்தியம் வாசிப்பவர்களுக்காக வைத்தது. பூஜை நேரத்துக்கு அதைப் போட்டேன். மணி வந்தது, எதிர்வீட்டு நாயும் வந்தது.

கேமரா 720பி, அதாவது படத்தில் 1280-க்கு 720 புள்ளிகள். முகம் பார்க்க இது போதும். ஆனால் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரிச்சட்டிதான், ஆளைத் திருப்பி உட்கார வையுங்கள். ஃபோகஸும் மாறாது. சிஎம்சியில் கொடுத்த மருந்துச் சீட்டை அம்மா கேமராவுக்குக் கிட்டே கொண்டு போகப் போக எழுத்து கலங்கிக்கொண்டே போனது. “தள்ளிப் பிடிம்மா” என்று அக்கா கத்தினாள். தள்ளிப் பிடித்தால் எழுத்து எறும்பாகிவிட்டது. சீட்டைப் போனில் படமெடுத்து அனுப்பிவிடுவதே மேல்.

அடுத்தது சூடு. இந்த லேப்டாப்புக்குள் ஃபேன் கிடையாது. கால் பேசும்போது அந்த அமைதி நல்லதுதான். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் ஒரு செய்தியே இல்லை. சிப் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்துப் பேசியபோது 28-வது நிமிடத்தில் அம்மாவின் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போக ஆரம்பித்தது. அடியில் கை வைத்தால் தோசைக்கல். மேசைக்கு மாற்றி, நான்கு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் மூடி முட்டுக் கொடுத்தேன். அப்புறம் 40 நிமிடம் தாங்கியது. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஜூம் விடவில்லை, காசு கட்டாதவர்களுக்கு அதோடு வெட்டிவிடுகிறது.

ஹாட்ஸ்பாட் போட்டுப் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 720பி கால் என்றால் போக 1.2, வர 1.2 எம்பிபிஎஸ் நெட் வேகம் ஆகும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. தினம் 1.5 ஜிபி கிடைக்கிற பேக்கில் ஒன்றரை மணி நேரம் பேசினால் அன்றைய நெட் காலி. ஸ்பீடு பார்க்கும்போது டவுன்லோடை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். உங்கள் முகம் போவது அப்லோடில்.

சரி, வாங்கலாமா? பாட்டி, அம்மா, வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர்கள் வாங்கலாம். விஐடியில் சேரப் போகும் தம்பி தங்கைகளுக்கு வேண்டாம். கால் ஓடும்போது பக்கத்தில் நான்கு டேப் திறந்தாலே இதற்கு மூச்சு வாங்குகிறது. கடையில் காசு கொடுக்கும் முன் அங்கிருந்தே வீட்டுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். ஆபீசர்ஸ் லைன் பக்கம் நான் வாங்கிய கடையில், “டெமோ பீஸுக்கு நெட் இல்லண்ணா” என்றான் பையன். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். அம்மா எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஏண்டா, இவ்ளோ கறுத்துப் போயிட்டே?” அந்தக் கடையில் ட்யூப்லைட் என் தலைக்குப் பின்னால் இருந்தது.