கேட்டால்தான் அவுட்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பவன் நான். திட்டு வாங்கிப் பழகியவன் என்றும் சொல்லலாம்.

அடிக்கடி காதில் விழும் திட்டு இதுதான்: "அவன் அவுட்டுதானே, நீங்க ஏன் விரலைத் தூக்கல?" யாரும் 'அவுட்டா?' என்று கேட்டு அப்பீல் செய்யவில்லை, அதனால்தான். கிரிக்கெட்டின் 31ஆம் விதி இதில் கறாரானது. பேட்ஸ்மன் அவுட் என்று எனக்கே தெரிந்தாலும், ஃபீல்டிங் அணியில் ஒருவராவது கேட்காமல் நான் அவுட் கொடுக்கக் கூடாது. அவராகவே நடையைக் கட்டினால் அது அவர் இஷ்டம். கேட்பதற்குக் கெடுவும் உண்டு. பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓடத் தொடங்கிவிட்டால் போன பந்தைப் பற்றிப் பேச முடியாது.

2007 ஜனவரியில் கேப் டவுன் நியூலண்ட்ஸில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் சட்டென்று இரண்டு விக்கெட் விழுந்தது. அடுத்து வர வேண்டிய டெண்டுல்கர், முன்பு ஃபீல்டிங்கின்போது மைதானத்துக்கு வெளியே இருந்ததால், விதிப்படி உடனே இறங்க முடியாது. கங்குலியோ தயாராகவே இல்லை. அவர் வந்து சேர ஆறு நிமிடம் ஆனது. விக்கெட் விழுந்தபின் அடுத்தவர் ஆடத் தயாராக விதி தருவது மூன்று நிமிடம்தான். நம் தென்னாப்பிரிக்கக் கேப்டன் கிரேம் ஸ்மித் அப்பீல் கேட்டிருந்தால் கங்குலி ஒரு பந்துகூட ஆடாமல் திரும்பியிருப்பார். அம்பயர்கள் நிலைமையைச் சொல்லியும் ஸ்மித் கேட்கவில்லை. அந்த டெஸ்டையும் தொடரையும் ஜெயித்தது நாம்தான், அது வேறு கதை.

2023 உலகக் கோப்பையில், டெல்லியில், வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசன் கேட்டார். ஹெல்மெட் வார் அறுந்து நின்ற இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் அவுட். அந்தப் போட்டிக்குக் கெடு இரண்டே நிமிடம். களத்தில் நின்றவர் நம்ம ஊர் மரே எராஸ்மஸ். அவர் வேறென்ன செய்ய முடியும்? பெருந்தன்மை பார்ப்பது அம்பயர் வேலை இல்லை என்பது என் கட்சி. திட்டுவதென்றால் கேப்டனைத் திட்டுங்கள். அம்பயர் சம்மதித்தால் அப்பீலை வாபஸ் வாங்கும் உரிமையும் கேப்டனுக்கு இருக்கிறதே! 2011இல் டிரென்ட் பிரிட்ஜில் தோனி அப்படித்தான் இங்கிலாந்தின் இயன் பெல்லைத் திரும்ப ஆட விட்டார்.

சரி, அம்பயரும் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1992 நவம்பரில், நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில், நம் ஜான்டி ரோட்ஸ் எறிந்த பந்தில் டெண்டுல்கர் ரன் அவுட்டா என்று கள அம்பயர் சிரில் மிட்ச்லி டிவி அம்பயரிடம் கேட்டார். டிவி பார்த்து அவுட் கொடுக்கப்பட்ட முதல் பேட்ஸ்மன் டெண்டுல்கர்தான். அடுத்த டெஸ்ட் ஜோகன்னஸ்பர்க்கில். இம்முறை ரன் அவுட் அப்பீல் ரோட்ஸ் மீது. அம்பயர் ஸ்டீவ் பக்னர் டிவியைக் கேட்கவே இல்லை. ரீப்ளேயில் அவர் அவுட் என்று தெரிந்தது. ஆனால் ரோட்ஸ் 91 வரை போய்விட்டார். ரிவ்யூ கேட்கும் உரிமை அன்று ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது.

நம் ஞாயிறு ஆட்டங்களில் டிவியும் இல்லை, ரிவ்யூவும் இல்லை. அதனால் வாயைத் திறந்து கேளுங்கள். எப்படி அவுட் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு 'ஹௌஸ் தட்' எல்லா வகைக்கும் சேரும். கேட்ச் என்று நினைத்து நீங்கள் கத்தலாம். பேட்டில் படாவிட்டாலும், காலில் பட்டதற்காக எல்பிடபிள்யூ என்று நான் விரலைத் தூக்கலாம். வணக்கம்.